கேள்வி யாருடையது

1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. அங்கே எழுப்பப்பட்ட கேள்வி இன்று மிக எளிதாகத் தோன்றும்: டி.பி. நோயாளியை வீட்டிலேயே வைத்து, மாத்திரை கொடுத்துக் குணப்படுத்த முடியுமா? முடியாது என்பதே அன்று பெரும்பாலான மருத்துவர்களின் பதில். நல்ல காற்று, சத்தான சாப்பாடு, படுக்கையில் முழு ஓய்வு, வீட்டாரிடமிருந்து விலகியிருத்தல் எல்லாம் சேர்ந்ததுதான் வைத்தியம் என்று நம்பினார்கள். அதற்காகவே ஊருக்கு வெளியே சானடோரியங்கள் கட்டப்பட்டன. சென்னைக் கடற்கரையிலிருந்து போகும் மின்ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிலையம் இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. ஆனால் நாட்டில் இருந்த படுக்கைகள் மிகக் குறைவு. இருமிக்கொண்டிருந்தவர்கள் பல லட்சம்.

193 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் நகரத்தின் நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த ஏழைகள். யார் சானடோரியத்துக்குப் போவது, யார் வீட்டிலேயே இருப்பது என்பதை எந்த மருத்துவரும் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முடிவு செய்தது. இரு தரப்புக்கும் ஒரே மருந்துகள்தான்: ஐசோனியாசிட், பி.ஏ.எஸ்., 12 மாதங்களுக்கு. சானடோரியம் போனவர்களுக்கு வேளாவேளைக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் செவிலியர் கவனிப்பும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு எப்போதும் போல அரைவயிற்றுச் சாப்பாடு, கூட்டமான அறை, பலருக்கு வேலைக்குப் போயே தீர வேண்டிய நிலைமை. 1959இல் முடிவு வெளியானபோது உலகம் முழுவதும் காசநோய் மருத்துவம் திசை திரும்பியது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்கள் ஏறத்தாழ சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமாகியிருந்தார்கள். வீட்டிலுள்ள குழந்தைகளுக்குத் தொற்றிவிடும் என்ற பெரும் அச்சத்துக்கும் அடுத்த சில ஆண்டுக் கண்காணிப்பில் ஆதாரம் கிடைக்கவில்லை. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு, சானடோரியம் போனவரின் வீட்டாரைவிடக் கூடுதலாக நோய் வரவில்லை. சானடோரியங்கள் ஒவ்வொன்றாகத் தம் வேலையை இழந்தன. கோடிக்கணக்கானவர்கள் குடும்பத்தைப் பிரியாமல், வேலையை விடாமல் குணமானதற்கு அந்த 193 பேர் காரணம். அவர்களுடைய பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

இந்த ஆய்வின் முடிவு நமக்குத் தெரியும் என்பதால் அது தொடங்கியபோது இருந்த அறச்சிக்கல் கண்ணில் படாமல் போகக் கூடாது. அன்று பெரும்பாலான மருத்துவர்கள் ஆபத்தானது என்று கருதிய ஏற்பாட்டில் பாதிப் பேர் வைக்கப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எந்தக் குலுக்கலிலும் பெயர் கொடுக்காமலே அந்த ஆபத்தின் நடுவே வாழ்ந்தார்கள். ஒரு மனிதரின் உடலை, இன்னும் பிறக்காத, முகம் தெரியாத வேறொரு நோயாளியின் நலனுக்காக, விளைவு தெரியாத ஒன்றுக்கு உட்படுத்தலாமா? எல்லாப் புதிய மருந்துச் சோதனைகளின் அடியிலும் கிடக்கும் கேள்வி இதுதான். மருத்துவரின் கடமை தன் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம். ஆய்வாளரின் கடமை உண்மையிடம். ஒரே ஆள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு இரண்டு வேலையையும் பார்க்கும்போது எந்தக் கடமை எதை விழுங்கும்?

அப்படியானால் சோதனையே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? சோதிக்காமல் இருப்பதும் மாசற்ற செயல் ஆகாது. மனநோய் மருத்துவத்தின் வரலாறு இதற்குப் போதுமான சாட்சி. 1930களில் வியன்னாவைச் சேர்ந்த மன்ஃப்ரெட் சாக்கல் மனச்சிதைவுக்கு ஒரு வைத்தியம் கொண்டுவந்தார். இன்சுலினை ஊசியில் ஏற்றி, ரத்தத்தில் சர்க்கரையைக் கீழே இறக்கி, நோயாளியை வேண்டுமென்றே கோமாவில் ஆழ்த்துவது. பிறகு குளுக்கோஸ் கொடுத்து மீட்பது. இதை நாள்தோறும், வாரக்கணக்கில் செய்தார்கள். சிலர் மீளவே இல்லை. ஆனால் மீண்டவர்கள் தெளிந்ததாக மருத்துவர்கள் கண்ணாரக் கண்டார்கள்; அதனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் நாடு நாடாக இன்சுலின் வார்டுகள் நடந்தன. 1957இல்தான் லண்டனில் சிலர் அதை முறையாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு பிரிவினரை இன்சுலினாலும், மறு பிரிவினரைத் தூக்க மருந்தாலும் மயக்கத்தில் ஆழ்த்தி, மற்ற கவனிப்பையெல்லாம் சமமாக வைத்தார்கள். வித்தியாசம் எதுவும் இல்லை. நோயாளிகளைத் தெளிவித்தது இன்சுலின் அன்று. பக்கத்திலேயே இருந்து கவனித்த மனிதர்களாக இருக்கலாம். அதுவரை கோமாவில் இறந்தவர்கள் எதற்காக இறந்தார்கள்?

நம் காலத்திலும் இது நடந்தது. 2020, 2021இல் கொரோனா நோயாளிக்குப் பிளாஸ்மா வேண்டும் என்று நள்ளிரவில் வாட்ஸ்அப் குழுக்களில் ரத்த வகையோடு வந்த செய்திகளை யாரும் மறந்திருக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு, பிளாஸ்மாவால் மரணம் குறையவில்லை என்று 2020 அக்டோபரிலேயே காட்டிவிட்டது. ஆயினும் அது அரசின் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து நீங்க 2021 மே வரை ஆனது. அந்த இடைவெளியில் எத்தனை குடும்பங்கள் நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் தானம் கொடுப்பவரைத் தேடி ஊரெல்லாம் ஓடின! அக்கறையும் அவசரமும் மட்டுமே இருந்தால் மருத்துவம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும். ஆகவே சோதனை வேண்டும். எந்த நிபந்தனையின் மேல் அது நியாயமாகும் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

இதற்கு எல்லோரும் சொல்லும் பதில், நோயாளியின் சம்மதம். நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணைக்குப் பிறகு 1947இல் உருவான நியூரம்பெர்க் நெறிமுறை தன்னிச்சையான சம்மதத்தைத்தான் முதல் நிபந்தனையாக வைத்தது. 1964இல் வந்த ஹெல்சிங்கி பிரகடனமும் பிறகு வந்த எல்லாச் சட்டங்களும் அந்த வழியில்தான் வந்தன. அதன் அருமையைக் குறைத்துப் பேச முடியாது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932இலிருந்து 1972 வரை, சிஃபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களிடம் அவர்களுடைய நோய் என்னவென்றே சரியாகச் சொல்லாமல், பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கேட்காமல் தொடாதே என்ற விதி இப்படிப்பட்ட பாவங்களிலிருந்து பிறந்தது.

ஆனால் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனை ஓ.பி.யில் காலை பத்து மணி. ஒரு அறைக்குள் பக்கம் பக்கமாக ஒரு தகவல் தாள் வாசிக்கப்படுகிறது. தமிழில்தான் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் எழுதி மாற்றிய தமிழ், வாசிப்பவருக்கே மூச்சு முட்டும் தமிழ். எதிரே நோயாளி, பக்கத்தில் அவருடைய அண்ணனோ மனைவியோ. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலைச் சாட்சி ஒருவர். குறிப்பிட்ட வகை ஆய்வுகளில் ஒரு வீடியோ காமிராவும் உண்டு. "இந்த ஆய்வில் சேராவிட்டாலும் உங்களுக்கு வழக்கமான சிகிச்சை கிடைக்கும்" என்ற வரி வாசிக்கப்படுகிறது. "ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்கிறார்கள். "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க டாக்டர்" என்று பதில் வருகிறது. கையெழுத்தோ கைநாட்டோ விழுகிறது. சட்டம் கேட்ட எல்லாம் நடந்துவிட்டது. ஆனால் அந்தப் பதில் சம்மதம் ஆகாது, அது நம்பிக்கை. நோயாளி தன்னை ஒரு மருத்துவரிடம் ஒப்படைத்திருக்கிறார். ஒப்படைப்பைப் பெற்றுக்கொண்டவரோ அந்த நேரத்தில் மருத்துவராக மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் பால் அப்பெல்பாமும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1982இல் மனநோய் ஆய்வுகளில் சேர்ந்திருந்தவர்களைப் பேட்டி கண்டபோது இந்தக் குழப்பம் முதன்முதலாகத் துலக்கமானது. குலுக்கல் பற்றி அவர்களுக்கு விளக்கப்பட்டிருந்தது. பலர் அதைத் திருப்பிச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் தமக்கு எந்த மருந்து ஏற்றது என்பதை மருத்துவர் தம்மைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார் என்று அவர்களில் பலர் உள்ளூர நம்பினார்கள். காது கேட்டதை மனம் ஏற்கவில்லை. இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோய் வந்தவர் மருத்துவமனைக்குப் போவது அறிவியலுக்கு உதவுவதற்காக இல்லை. தன்னைக் காப்பாற்ற இருக்கும் ஒரே ஆள் தன்னைச் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார் என்பதை எந்த மனம்தான் எளிதில் ஏற்கும்? இது படிப்பில்லாதவர்களின் குறை என்று நினைப்பதும் தவறு. புற்றுநோய் ஆய்வுகளில் சேரும் பட்டதாரிகளிடமும் இதே நம்பிக்கை இருக்கிறது.

மனநோய் கண்டவர்களால் சம்மதம் தரவே முடியாது என்று ஒதுக்கிவிடுவது அடுத்த அநியாயம். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு ஆய்வின் விவரங்களை முதல் தடவை சொன்னபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே புரிந்தது. பொறுமையாக, மறுபடி மறுபடி விளக்கியபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின் முடிவு இது. குறை நோயாளியின் மூளையில் இருந்ததைவிட விளக்குபவரின் அவசரத்தில்தான் அதிகம் இருந்தது என்று அதற்குப் பொருள். அவர்களை ஆய்விலிருந்து முற்றிலும் விலக்கி வைத்தால் அவர்களுக்கான மருந்து யாரிடம் சோதிக்கப்படும்? யாரிடமும் சோதிக்கப்படாமலே அவர்களுக்குப் புகட்டப்படும். இன்சுலின் கோமா அப்படி வந்ததுதான்.

ஆனாலும் மனநோயில் சம்மதத்தின் மேல் வேறு சுமைகளும் ஏறும். 2003இன் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மனப்பிறழ்வு கண்ட ஓர் இளைஞர், நீதிமன்ற ஆணையின் பிடியில் இருந்த நிலையில், மூன்று மனநோய் மருந்துகளை ஒப்பிடும் ஆய்வில் சேர்க்கப்பட்டார். மருத்துவர்களின் சிகிச்சைத் திட்டப்படி நடக்காவிட்டால் கட்டாயமாக மருத்துவமனையில் அடைக்கப்படலாம் என்பது அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டார். மகனின் நிலை மோசமாகிறது, அவனை விட்டுவிடுங்கள் என்று அவருடைய தாய் மருத்துவர்களுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். 2004 மே மாதம் அந்த இளைஞர் தற்கொலை செய்துகொண்டார். ஐந்தாண்டுகள் கழித்து, அப்படிப்பட்ட ஆணையின் கீழ் இருப்பவர்களை மருந்து ஆய்வுகளில் சேர்ப்பதை மின்னசோட்டா மாநிலம் சட்டத்தால் தடுத்தது. கோப்பில் கையெழுத்து இருந்தது. இல்லாமல் போனது, தாயின் குரலைக் கேட்க யாருக்காவது இருக்க வேண்டிய கடமை.

ஆக, சம்மதம் கட்டாயம் வேண்டும், அது போதாது. சம்மதம் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த ஆய்வு எழுப்பும் கேள்வி யாருடைய கேள்வி? சேத்துப்பட்டில் கேட்கப்பட்டது அந்த ஏழைகளுடைய கேள்வி. படுக்கைக்காகக் காத்திருந்து சாகும் நிலையில் இருந்தவர்கள் அவர்கள்; வீட்டிலேயே பிழைக்க முடியுமா என்பது அவர்களுடைய உயிர்ப் பிரச்சினை. விடை வந்தால் அதை வைத்து வாழப்போகிறவர்களும் அதே தெருக்காரர்கள்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைக்க ஓர் ஆய்வு இருக்கிறது. 2005இல் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழ் ஒன்றில் அதன் முடிவு வெளியானது. கடுமையான மேனியாவில் இருந்த 290 இந்திய நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரிஸ்பெரிடோன், மறுபாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, மூன்று வாரங்களுக்கு. நிதி அந்த மருந்தைத் தயாரித்த நிறுவனத்துடையது. மேனியா என்றால் என்னவென்று வீட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாட்கணக்கில் தூக்கமில்லை, ஓயாத பேச்சு, கையில் இருப்பதையெல்லாம் வாரி இறைக்கும் கை, தொட்டால் வெடிக்கும் கோபம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து. அதற்கு அப்போது மருந்து இல்லாமல் இல்லை. லித்தியத்தின் பலனை ஜான் கேட் 1949இலேயே எழுதிவிட்டார். ஹாலோபெரிடால் இந்தியாவின் எந்த மனநல மருத்துவமனையிலும் கிடைக்கும். அப்படியிருக்க, அவ்வளவு கடுமையான நிலையில் இருந்தவர்களில் பாதிப் பேரை வெற்று மாத்திரையோடு மூன்று வாரம் வைத்தது எதற்காக, அந்த நிலையில் அவர்கள் தந்த சம்மதத்துக்கு என்ன பொருள், இந்த ஆய்வுக்கு இந்தியா தேர்ந்தெடுக்கப்பட்டது ஏன் என்று இந்திய அறவியலாளர்களும் மருத்துவர்களும் அடுத்த ஆண்டே அதே இதழில் எழுதிக் கேட்டார்கள்.

வெற்று மாத்திரையின் பக்கம் உள்ள வாதத்தையும் நேர்மையாக எடை போட வேண்டும். மனநோய்களில் அது வலுவான வாதம். மனச்சோர்வு ஆய்வுகளில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே சுமார் மூவரில் ஒருவருக்கு நல்ல முன்னேற்றம் தெரிகிறது. புதிய மருந்தும் பழைய மருந்தும் சமம் என்று ஓர் ஆய்வு காட்டினால், இரண்டுமே வேலை செய்தன என்றும் கொள்ளலாம், இரண்டுமே வேலை செய்யவில்லை என்றும் கொள்ளலாம். வெற்று மாத்திரை என்ற மூன்றாவது தரப்பு இல்லாமல் அதைப் பிரித்தறிவது கடினம். தவிர, குறைவான ஆட்களை வைத்தே விடை காண முடிவதால் ஆபத்துக்கு உள்ளாகிறவர்களின் தொகையும் குறையும். லேசான மனச்சோர்வில், சில வாரங்களுக்கு, நெருங்கிய கண்காணிப்போடு, நிலை மோசமானால் உடனே விலக்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு இதைச் செய்தால் ஏற்கலாம். நோயின் வேகம் கூடக் கூட அந்த அனுமதி சுருங்க வேண்டும். கடும் மேனியாவில் அந்த வாதம் எடுபடாது. அங்கே விடை கிடைக்கும் வேகத்துக்காக நோயாளியின் மூன்று வாரங்கள் செலவழிக்கப்படுகின்றன. அதுவும் அந்த விடைக்காக அவர் காத்திருக்கவில்லை. உரிமக் கோப்பும் சந்தையும் காத்திருந்தன. ஒரு மருந்து வெற்று மாத்திரையைவிட மேல் என்பது விற்பவருக்குத் தேவையான விடை. நோயாளிக்கும் அவருடைய மருத்துவருக்கும் தேவைப்படுவது, கையில் இருக்கும் லித்தியத்தைவிட அது மேலா என்பதுதான்.

கேள்வி நோயாளிகளுடையதாக இருந்தால் ஆய்வின் உருவமே மாறிவிடும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 2014இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், காஞ்சிபுரம் பகுதி உள்பட இந்தியாவின் மூன்று இடங்களில் மனச்சிதைவு கண்ட 282 பேர் சேர்க்கப்பட்டார்கள்; தமிழ்நாட்டில் சென்னை ஸ்கார்ஃப் அமைப்பு அதை நடத்தியது. எல்லோருக்கும் மருத்துவமனைச் சிகிச்சை உண்டு. குலுக்கலில் வந்த ஒரு பிரிவுக்கு மட்டும், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் மருந்து, வேலை, குடும்பத்தோடு பழகுதல் எல்லாவற்றுக்கும் துணை நின்றார்கள். பலன் மிதமானது, ஆனால் உண்மையானது. குலுக்கலில் தோற்றவர் எதையும் இழக்கவில்லை. மனநல மருத்துவர்களே அரிதாக இருக்கும் ஊரில் என்ன செய்வது என்ற அந்த வீட்டுக்காரர்களின் கேள்விக்கு விடை தேடிய ஆய்வு அது.

என்றாலும் 'யாருடைய கேள்வி' என்ற ஒரே அளவுகோலை வைத்து எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது. திண்டுக்கல் மாவட்டம் அதற்குத் தடையாக நிற்கிறது. 2000இல் அங்கே கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவ மையம், அடையாறு புற்றுநோய் நிலையம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஆகியவை சேர்ந்து நடத்தின. கருப்பைவாயில் அசெட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, வெளுத்துத் தெரியும் இடத்தை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லும் மலிவான முறை அது. பயிற்சி பெற்ற செவிலியரே செய்துவிடலாம். ஊராட்சிகள் குலுக்கலில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதியில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இந்தப் பரிசோதனை. மறு பாதியில் இருந்த சுமார் 31,000 பெண்களுக்கு எப்போதும் உள்ள வசதிகள் மட்டும், அதாவது பரிசோதனை எதுவும் இல்லை. 2007இல் வந்த முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் வந்த மரணம் 35 விழுக்காடு குறைந்திருந்தது.

இதைவிட நோயாளிகளுக்குச் சொந்தமான கேள்வி இருக்க முடியாது. கிராமத்துப் பெண்கள் முற்றிய நிலையில் வந்து சாகும் நோய். அவர்கள் ஊரிலேயே செய்யக்கூடிய மலிவான முறை. ஆனால் மறு பாதி ஊர்களில் இறந்த பெண்கள்? திண்டுக்கல்லிலும், இதே போன்று மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் நடந்த ஆய்வுகளிலுமாக பரிசோதனை இல்லாத தரப்பில் வைக்கப்பட்ட சுமார் 1.4 லட்சம் பெண்களில் 254 பேர் இந்தப் புற்றுநோயால் இறந்ததாக விமர்சகர்கள் கணக்கிட்டார்கள். பாப் ஸ்மியர் என்ற பரிசோதனை பணக்கார நாடுகளில் இந்த மரணங்களைக் குறைத்துவிட்டது என்பது ஆய்வு தொடங்குவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயம். இந்தியக் கிராமத்தில் அப்போது எந்தப் பரிசோதனையும் இல்லை, நாங்கள் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்கள் தரப்பு. அது உண்மை. ஆயினும் ஒரு நாடு தன் பெண்களுக்குச் செய்யத் தவறியதை அப்படியே எடுத்து ஆய்வின் அடித்தளமாக வைத்துக்கொள்ளும்போது, அந்தத் தவறு இயற்கையின் நியதி போல ஆகிவிடுகிறது. வேறு வழியும் இருந்தது. 1986இல் காம்பியாவில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஆய்வு தொடங்கியபோது, குலுக்கல் வரிசைப்படி பகுதி பகுதியாக நாடு முழுவதற்கும் அதைக் கொண்டுபோனார்கள். முதலில் பெற்றவர்களுக்கும் பின்னால் பெற்றவர்களுக்கும் இடையிலான வித்தியாசமே விடையாகும். யாரும் கடைசிவரை வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. அந்த ஆய்வில் பங்கெடுத்த சர்வதேச அமைப்பேதான் திண்டுக்கல்லிலும் இருந்தது. அம்பிளிக்கை ஆய்வால் உலகம் கற்றுக்கொண்டது நிறைய. அதை நடத்தியவர்கள் கெட்ட எண்ணத்தோடு நடத்தவும் இல்லை. ஆனால் அந்த மறு பாதி ஊர்களுக்கு இன்னும் நல்லதொன்றைச் செய்திருக்க முடியும், செய்திருக்க வேண்டும்.

இந்தியச் சட்டம் இந்தப் பாடங்களைத் தாமதமாகவும் வலியோடும் கற்றது. 2005இல் விதிகள் தளர்ந்ததும் வெளிநாட்டு ஆய்வுகள் குவிந்தன. 2005க்கும் 2012க்கும் இடையில் நடந்த ஆய்வுகளில் 2,644 பேர் இறந்ததாக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. இவற்றில் 80 மரணங்களே ஆய்வினால் நேர்ந்தவை என்றும் சொன்னது. கடும் நோயாளிகள் நோயினாலேயே இறப்பதும் உண்டு என்பதால் பெரிய எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு கூச்சல் போடுவது நியாயமாகாது. ஆனால் சின்ன எண்ணை யார், எப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்பது நியாயம். அந்த வழக்குக்குப் பிறகுதான் இழப்பீடும் சம்மதத்தை வீடியோவில் பதிவதும் வந்தன. 2019ஆம் ஆண்டின் மருந்து ஆய்வு விதிகள் இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் தருகின்றன. அதில் 8 லட்சம் ரூபாய் அடிப்படை; வயதுக்கும் நோயின் நிலைக்கும் உரிய காரணிகளால் அதைப் பெருக்க வேண்டும். நோயின் நிலைக்கான காரணி, ஆரோக்கியமாக இருந்தவருக்கு 4 என்றால், ஆறு மாதத்துக்குமேல் வாழ மாட்டார் என்று கருதப்படும் நோயாளிக்கு 0.5. கணக்கு விளங்குகிறது. ஆனால் சாகப் போகிறவருக்கு மிச்சமிருக்கும் நாட்கள் எட்டில் ஒரு பங்கு விலைக்கு மலிந்தவையா? அந்த நாட்களின் அருமை அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்தான் தெரியும்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆவது பிரிவு இவற்றைவிட ஆழமாக யோசித்திருக்கிறது. சம்மதம் தர முடியாத, அதே நேரம் எதிர்ப்பும் காட்டாத நோயாளியிடம் ஆய்வு நடத்த வேண்டுமென்றால், நியமனப் பிரதிநிதியின் சம்மதத்தோடு மாநில மனநல ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். சம்மதம் தரக்கூடியவர்களிடம் அந்த ஆய்வைச் செய்யவே முடியாது என்று காட்ட வேண்டும். அந்த நோயாளி எந்த மக்களைச் சேர்ந்தவரோ அவர்களுடைய மனநலத்துக்கு அது தேவை என்றும் காட்ட வேண்டும். எதிர்க்காமல் இருப்பது இணங்குவது ஆகாது என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. கேள்வி யாருடையது என்பதையும் கேட்கிறது. நெறிமுறைக் குழுக்களில் மருத்துவர் அல்லாத ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. மனநோய் ஆய்வுகளைப் பார்க்கும் குழுவில், அந்த நோயோடு வாழ்ந்து மீண்ட ஒருவருக்கும் இடம் வேண்டும். மூன்று வாரம் வெற்று மாத்திரை என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை எந்தப் பேராசிரியரைவிடவும் அவரால் சொல்ல முடியும்.

வறுமையைப் பற்றி ஒன்று. ஏழைகள் இலவச மருந்துக்காகவும் ஸ்கேனுக்காகவும் ஆய்வில் சேர்கிறார்கள், ஆகவே அது சுரண்டல் என்பார்கள். சேராமல் தடுத்தால் அவர்களுக்கு ஸ்கேன் கிடைத்துவிடுமா? அவர்களுடைய முடிவு பல சமயம் அறிவார்ந்த முடிவுதான். வெட்கப்பட வேண்டியது, ஆய்வில் சேர்ந்தால்தான் நல்ல சிகிச்சை என்ற நிலையை வைத்திருக்கும் மருத்துவ அமைப்பு.

ஆய்வு முடிந்த பிறகு நடப்பதில்தான் நன்றிகேடு அப்பட்டமாகத் தெரியும். கடைசி நாளில் மீதி மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள். புதிய மருந்தால் காதில் கேட்ட குரல்கள் அடங்கிய ஒருவருக்கு அது தொடர்ந்து கிடைக்குமா? வேறு மாற்று இல்லை என்று ஆய்வாளர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால் இலவசமாகத் தர வேண்டும் என்கின்றன 2019 விதிகள். ஆனால் அதற்குப் பிறகு எது நேர்ந்தாலும் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று நோயாளி எழுதிக் கொடுக்க வேண்டும். ஆபத்தைத் தாங்கியவரே மறுபடியும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

விடையும் பல சமயம் அவர்களுக்கு வந்து சேர்வதில்லை. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள், 12 மனச்சோர்வு மருந்துகளுக்காக அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை எடுத்து, எவை இதழ்களில் வெளியாயின என்று பார்த்தார்கள். மருந்துக்குச் சாதகமான 38 ஆய்வுகளில் 37 வெளியாகியிருந்தன. சாதகமில்லாத, அல்லது ஐயத்துக்குரிய 36இல் 22 வெளிவரவே இல்லை. 11 சாதகமானவை போல எழுதப்பட்டிருந்தன. மூன்றே மூன்று உள்ளதை உள்ளபடி சொல்லின. மனச்சோர்வின் அடியாழத்தில், காலையில் எழுந்து பல் துலக்கவே முடியாத நிலையிலும் ஆய்வு மையத்துக்கு நடந்து வந்து, ரத்தம் கொடுத்து, வினாத்தாளுக்குப் பதில் சொன்னவர்களின் உழைப்பு ஓர் அலமாரிக்குள் பூட்டப்பட்டது. அவர்கள் கொடுத்த சம்மதம் ஒரு பொய்க்குப் பயன்பட்டது. கோமாவில் ஆழ்த்தியதைப் போலவே இதுவும் நோயாளிக்குச் செய்த தீங்குதான். அந்த மருந்தை நாளை இன்னொரு மருத்துவர் முழு நம்பிக்கையோடு எழுதிக் கொடுப்பார்.

இந்தியாவில் 2009 ஜூனிலிருந்து ஒவ்வொரு மருந்து ஆய்வையும் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். முடிவைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடுவதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதை மாற்றப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. முந்தைய ஆய்வின் முடிவை வெளியிடாத நிறுவனத்துக்கு அடுத்த ஆய்வுக்கு அனுமதி இல்லை என்று நெறிமுறைக் குழுக்கள் சொல்லலாம். ஆய்வில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்தில் கடிதம் போகலாம், அவர் வீட்டில் பேசும் தமிழில்: நீங்கள் சாப்பிட்டது மருந்தா, வெற்று மாத்திரையா, எத்தனை பேர் சேர்ந்தீர்கள், என்ன தெரிந்தது, யாருக்கு என்ன பாதிப்பு வந்தது, இந்த மருந்து இனி உங்களுக்குக் கிடைக்குமா, கிடைக்கும் என்றால் எங்கே, என்ன விலைக்கு.